லோடு இல்லாமல் ஓடும் இஞ்சின்

அவரைத் தெருவில் எல்லோரும் வோல்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் வெல்டிங் செய்பவர். கேட்டின் கீல் விட்டுப்போனாலும், மாடிப்படிக் கைப்பிடி ஆடினாலும், ஜன்னல் கம்பி துருப்பிடித்து அறுந்தாலும் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். இறங்கியதும் உடைந்ததைப் பார்க்கமாட்டார். "பிளக் பாயின்ட் எங்கம்மா?" என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து, அதன் இரண்டு ஊசிகளையும் பிளக்கில் நுழைத்து வோல்ட்டேஜைப் படிப்பார். புதிதாக அழைத்த வீடுகளில், "ரீடிங் போன வாரமே எடுத்துட்டுப் போயிட்டாங்களே" என்பார்கள்.

அதோடு விடமாட்டார். "ஒரு அயர்ன் பாக்ஸ் குடுங்கம்மா" என்பார்.

"நீங்க வெல்டிங்குக்கு வந்தீங்களா, துணி தேய்க்க வந்தீங்களா?"

"சும்மா இருக்கும்போது எல்லா பிளக்கும் நல்ல பிள்ளைதாம்மா. லோடு வெச்சாதான் யோக்கியதை தெரியும்."

அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு மறுபடியும் மீட்டரைப் படிப்பார். அவர் தோளில் தொங்குகிற இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் கையடக்கப் பெட்டிதான். ஆனால் ராடு முனையில் பொறி பிடித்ததும் நாலைந்து அயர்ன் பாக்ஸ் இழுப்பதை அரைநொடியில் இழுக்கப் பார்க்கும். சுவருக்குள் ஓடும் ஒயர் மெலிதாக இருந்தால் வோல்ட்டேஜ் சரியும், வெல்டிங் ராடு இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும், சில வீடுகளில் ஒயரே உருகும். மீட்டர் அதிகம் இறங்கினால் அந்த வீட்டுக் கரண்ட்டை அவர் தொடமாட்டார். திரும்பிப் போய், ஸ்கூட்டருக்குப் பின்னால் மாட்டுகிற இரண்டு சக்கர வண்டியில் தன் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வருவார்.

பழைய பெட்ரோல் ஜெனரேட்டர். வோல்ட்டேஜைத் தானே நிதானப்படுத்தும் கார்டு எதுவும் அதில் கிடையாது. இஞ்சின் வேகம் கூடினால் வோல்ட்டேஜ் கூடும், குறைந்தால் குறையும். புகைக்கும் சத்தத்துக்கும் பயந்து அதைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, மூன்றாம் மாடி வரை கேபிள் இழுப்பார். அவ்வளவு நீளம் போனால் வழியிலேயே வோல்ட்டேஜ் தேய்ந்துவிடும். அதனால் இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றி வைத்தார். வெல்டிங் மெஷின் முழுதாக இழுக்கும்போது, மாடியில் இருக்கும் கேபிள் முனையில் வோல்ட்டேஜ் கச்சிதமாக நிற்கும்படி அளந்து அளந்து ஏற்றினார். இஞ்சின் அதிர்வில் அந்த ஸ்க்ரூ அடிக்கடி கழன்று வந்தது. வெல்டருக்கு அதுவா பெரிய காரியம்? மெல்லிய ராடால் ஸ்க்ரூவின் தலையில் ஒரு பொட்டு வைத்து அது பொருந்தியிருந்த இரும்புப் பட்டையோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். அதன்பிறகு அது அசையவில்லை.

அந்த ஜெனரேட்டரைக் கிளப்பும் கயிற்றை வெகுகாலம் இழுத்தது அவருடைய அக்கா. கணவர் போனபின் தம்பி வீட்டுக்கு வந்தவள், சும்மா உட்கார்ந்து சாப்பிடமாட்டேன் என்று அவரோடு வேலைக்குக் கிளம்பினாள். அவர் பற்றவைப்பார், அவள் கசடு தட்டி, கிரைண்டர் பிடித்து, பிரைமர் அடிப்பாள். கேட்டின் ஒரு முனையைத் தோளில் தாங்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "ம், வையி" என்பாள். மூக்கில் துணி கட்டச் சொன்னால், "எனக்கென்ன கல்யாணமா, முகத்தை மூடிக்கிட்டு நிக்க?" என்பாள். நுரையீரல் கெட்டது எதனால் என்று டாக்டர் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. பெயின்ட், கிரைண்டர் தூசி, ஈரமான சுவர், கால்வனைஸ் பைப்பைப் பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகை என்று பலவற்றைச் சொன்னார். அவர் காதில் விழுந்தது, தான் பற்றவைத்த கால்வனைஸ் பைப் மட்டும்தான்.

இப்போது அக்கா கட்டிலோடு இருக்கிறாள். தலைமாட்டில் ஓர் ஆக்சிஜன் மெஷின். அறைக் காற்றை உறிஞ்சி, ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் பெட்டி. வாடகைக்கு எடுத்தது. கரண்ட் போகிற நேரங்களுக்கென்று பக்கத்தில் ஒரு சிறிய சிலிண்டரும் உண்டு. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், சிலிண்டர் போதும். அந்தக் காற்றடிக்கும் வரை போதுமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அடித்த காற்றில் தெருமுனை மரம் சாய்ந்து டிரான்ஸ்பார்மரை இழுத்துக்கொண்டு விழுந்தது. அந்தப் பகுதியே இருண்டது. விடிந்தபோது தெருவின் இரண்டு பக்கமும் மரங்கள் குறுக்கே கிடந்தன. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், பாதை திறந்ததும் வருகிறோம் என்றார்கள். எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் தெருமுனை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஸ்கூட்டர் வேணா நுழையும். கார் நுழையாது" என்றார். ஸ்கூட்டரில் உட்காரவைக்கும் நிலையில் அக்கா இல்லை.

"சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சுங்க" என்றாள் மனைவி.

அவர் ஜெனரேட்டரைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். புகை உள்ளே வராதபடி சுவருக்கு அப்பால் நிறுத்தினார். சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரை உள்ளே விட்டார். கயிற்றை இழுத்ததும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. மனைவி ஆக்சிஜன் மெஷினைச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. அக்காவின் தோள்கள் தளர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டவள், கையைத் தூக்கித் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், அது கத்துது."

"இஞ்சின்னா கத்தாம, பாடுமா?"

"எப்பவும் கத்துற மாதிரி இல்ல."

"லோடு இல்லக்கா. உன் மெஷின் இழுக்கிறது அதுக்கு ஒரு வாய் தண்ணி மாதிரி. வெல்டிங் மெஷினையே இழுத்த மாடு, சும்மா நின்னா கத்தத்தான் செய்யும்."

சொன்னது அவருடைய வாய்தான். சொன்ன சொல்லில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. ஊரார் வீட்டுப் பிளக்கையெல்லாம் லோடு வைத்து அளந்தே பழகியவர். அந்த ஜெனரேட்டரை ஒருநாளும் லோடு இல்லாமல் அவர் அளந்தது கிடையாது. அளக்கத் தேவையும் இருந்ததில்லை.

வாசலுக்குப் போய் மீண்டும் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. மோட்டாரின் செப்புச் சுருள் கருகும் வாசனை. அறைக்குள் ஓடினார். ஆக்சிஜன் மெஷின் நீளமாக ஒருமுறை கூவிவிட்டு அணைந்தது. பக்கவாட்டு ஓட்டைகளிலிருந்து மெல்லிய புகை வந்தது. மனைவி அதற்குள் குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டியிருந்தாள்.

அவர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மீட்டரை வைத்தார். இருநூற்று எண்பத்தொன்று. வீட்டுக் கரண்ட் இருநூற்று முப்பதுதான்.

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்க்ரூ" என்றாள்.

"ஆமாக்கா."

"பத்தவெச்சது."

"ஆமா."

இன்னும் ஏதோ சொல்ல வந்தவள் மூச்சை மிச்சப்படுத்திக்கொண்டாள்.

ஜெனரேட்டரை நிறுத்தினார். சிலிண்டரிலிருந்து வரும் அளவைப் பாதியாகக் குறைத்தார். செத்த மெஷினை ஸ்கூட்டரின் பின்சீட்டில் கட்டினார். முன்பக்கம் எப்போதும் இருக்கும் வெல்டிங் மெஷின் அப்படியே இருந்தது. அதை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை. சாய்ந்த மரத்தின் கிளைகளுக்கு நடுவே ஸ்கூட்டரைச் சரித்துத் தள்ளிக்கொண்டு வெளியேறினார்.

மருத்துவச் சாமான்களை வாடகைக்கு விடும் ஜன்னல் இல்லாத கடையில், உரிமையாளரான அம்மாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். மெஷினை முகர்ந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"எப்படிப் போச்சு?"

தெரியவில்லை, திடீரென்று நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஜெனரேட்டர்ல போட்டேம்மா. வோல்ட்டேஜ் ஏறிப்போச்சு. தப்பு என்னோடதுதான்."

"இன்னொண்ணு குடுத்தா அதையும் அதுலதானே போடுவீங்க?"

"வேற கரண்ட் இல்லையே."

"ஒண்ணைப் பொசுக்கிட்டு வந்து இன்னொண்ணைக் குடுன்னு நிக்கிறீங்களே, உங்களை நான் என்னன்னு சொல்றது? சிலிண்டர் எல்லாம் ராத்திரியே போயிடுச்சு. என்கிட்ட மிச்சம் இருக்கிறது மெஷின் ஒண்ணே ஒண்ணு. இன்னும் எத்தனை பேர் இதுக்கு ஓடிவரப் போறாங்களோ."

அவர் வெளியே போய், வெல்டிங் மெஷினை அவிழ்த்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். "இதுதாம்மா எங்க சோறு. இது இங்கயே இருக்கட்டும்."

"இதை வெச்சு நான் என்ன பண்ண? கடைக்குக் கேட் போடவா?" என்றார் அந்த அம்மாள். பிறகு அவருடைய கைகளைப் பார்த்தார். அந்தக் கைகள் பெட்டியை மறுபடி அம்மாள் பக்கமாகத் தள்ளின. "அவங்களுக்கு இப்போ என்ன ஓடுது?"

"சிலிண்டர். முள்ளு சிவப்புக்குள்ள இருக்கு."

அம்மாள் எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இருநூத்தி நாப்பதைத் தாண்டினா செருகக் கூடாது. செருகமாட்டேன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

"செருகமாட்டேம்மா."

திரும்பும் வழியில் அவர் ஸ்க்ரூவைப் பற்றித்தான் நினைத்தார். அறுத்தெடுக்க நேரமாகும். சிலிண்டர் அவ்வளவு நேரம் தாங்காது. அப்படியானால் இஞ்சினுக்கு லோடு வேண்டும். வீணாக இழுக்கிற, ஒரே சீராக இழுக்கிற லோடு. அயர்ன் பாக்ஸ் ஆகாது. சூடானதும் தானே அணையும், அணைந்த நொடியில் வோல்ட்டேஜ் துள்ளும். தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கம்பி ஹீட்டர் என்றால் அணையாது. வீட்டில் ஒன்று இருக்கிறது. இன்னொன்று வேண்டும்.

டாக்ஸிக்காரர் வீட்டு வாசலில் நின்று கேட்டபோது, அவர், "இந்த அமர்க்களத்துல வெந்நீர்க் குளியலா?" என்றார். இவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய் ஹீட்டரையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

அக்கா கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து, முழங்கால்களில் கையை ஊன்றியிருந்தாள். உதடு ஈயத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. மனைவி முதுகைத் தடவிக்கொண்டே, "அண்ணி, வந்துட்டார். இதோ வந்துட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிலிண்டரில் சத்தமே இல்லை.

இஞ்சினைக் கிளப்பினார். இரண்டு வாளிகளிலும் தண்ணீர், இரண்டிலும் ஹீட்டர். ஒன்றைப் போட்டதும் இஞ்சினின் கூச்சல் ஒரு படி இறங்கியது. மீட்டர் இருநூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. இரண்டாவதையும் போட்டார். இருநூற்று முப்பத்தாறு. அது நிலைத்து நிற்கிறதா என்று பார்க்கும் அந்தச் சில மூச்சு நேரத்தில் மனைவி, "போடுங்களேன்! எதைப் பார்த்துட்டு நிக்கிறீங்க?" என்று கத்தினாள். அவர் அசையவில்லை. எண் மாறாமல் நின்றதும் செருகினார்.

பச்சை விளக்கு. மெஷின் முழுப் பலத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வந்தது. அக்காவின் விரல் நுனிகளில் மெல்ல நிறம் திரும்பியது.

ஆனால் பெட்ரோல். டேங்க்கைத் தட்டிப் பார்த்தால் சத்தம் வெறுமையாகக் கேட்டது. அக்காவின் மூச்சுக்குத் தேவையானது அந்த இஞ்சினின் பலத்தில் ஒரு சின்னத் துண்டு. மற்றதெல்லாம் இரண்டு வாளித் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாததால் பங்க்கும் மூடிக்கிடந்தது. டாக்ஸிக்காரர் தன் கார் டேங்க்கில் ரப்பர் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, துப்பி, "இந்த வயசுல இதையும் குடிக்கணும்னு எழுதியிருக்கு" என்றபடி ஒரு கேன் நிரப்பிக் கொடுத்தார். இருந்தது அவ்வளவுதான்.

அந்த ஸ்க்ரூவை இறக்கியே ஆகவேண்டும், அதுவும் இஞ்சின் ஓடும்போதே.

கிரைண்டரை எடுக்கமுடியாது, பெட்ரோல் பக்கத்தில் பொறி பறக்கும். ஹேக்ஸா பிளேடில் ஒரு முனைக்குத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, சைலன்சருக்கும் டேங்க்குக்கும் இடையில் கையை விட்டார். அதிர்வில் பிளேடு ஓரிடத்தில் நிற்கவில்லை. முழங்கைக்குக் கீழே தோல் சைலன்சரில் பட்டுப் பொசுங்கியது. கையை எடுத்தால் மறுபடி இடம் பிடிக்கவேண்டும் என்று எடுக்காமல் அறுத்தார். தன் கையால் வைத்த பொட்டு. நல்ல பொட்டு. லேசில் விடாத பொட்டு. வேறு யாராவது வைத்திருந்தால் இந்நேரம் கழன்று விழுந்திருக்கும்.

சமையலறை ஜன்னலில் மனைவி மீட்டரோடு நின்றாள்.

"சொல்லிட்டே இரு! நிறுத்தாதே!"

"முப்பத்தாறு. முப்பத்தாறு. முப்பத்தஞ்சு. எரியுதே, கையை எடுங்க!"

"நம்பரைச் சொல்லுடி!"

"முப்பத்தாறு!"

பொட்டு அறுந்தது. அதிர்விலேயே ஸ்க்ரூ தானாகச் சுழன்று வெளியே வர, இஞ்சின் விம்மிக்கொண்டு இறங்கியது. "இருநூறு! நூத்தித் தொண்ணூறு! ஐயோ, மெஷின் கத்துதுங்க!" அவர் கவர்னர் நெம்புகோலை விரலால் அழுத்திப் பிடித்தார். சுடு இரும்பு. விரலை எடுக்காமல், "ஒரு ஹீட்டரை அணை!" என்றார். டாக்ஸிக்காரர் பாய்ந்துபோய் ஒன்றைப் பிடுங்கினார். வோல்ட்டேஜ் ஏறியது. மறு கையால் ஸ்க்ரூவைத் திருகினார். இரண்டாவது ஹீட்டரையும் எடுக்கச் சொல்லி, மீண்டும் இறக்கினார். ஏற்றினார். இறக்கினார். கடைசியில் ஒரு நட்டை வைத்து இறுக்கியபோது, லோடு ஏதும் இல்லாமல், அக்காவின் மெஷின் மட்டும் ஓட, மனைவி, "இருநூத்தி இருவத்தஞ்சு. அப்படியே நிக்குது" என்றாள்.

இஞ்சின் இப்போது கத்தவில்லை. முணுமுணுத்தது. அந்த வேகத்தில் அதனால் இனி ஒரு கேட்டைப் பற்றவைக்க முடியாது. பற்றவைக்கும் பெட்டியும் கடையில் இருந்தது. அதெல்லாம் அவருக்கு நினைவில் இல்லை. அது ஓடிக்கொண்டிருந்தது டேங்க்கின் அடியில் கிடந்த கடைசிப் பெட்ரோலில் என்பதுதான் நினைவில் இருந்தது.

ஊற்றவேண்டும். ஓடும் இஞ்சினில் ஊற்றக்கூடாது. ஊற்றி, வீட்டோடு எரிந்தவர்களை அவருக்குத் தெரியும். நிறுத்தவேண்டும், சைலன்சர் கொஞ்சமாவது ஆறவேண்டும். அவ்வளவு நேரமும் அக்காவுக்கு ஒன்றும் கிடையாது. சிலிண்டர் காலி.

உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். அக்காவுக்கு அந்த இஞ்சினைத் தெரியும். எத்தனை தடவை அதன் டேங்க்கை அவளே நிரப்பியிருக்கிறாள்.

"பெட்ரோலா?"

"ஆமாக்கா."

"அதுவா நிக்கட்டும்னு பார்க்காதே. பெட்ரோல் குழாய்ல காத்துப் புடிச்சா அப்புறம் கயிறு இழுத்துக் கை ஓய்ஞ்சிடும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீயே நிறுத்து."

"உன்னால முடியுமா?"

"முடியலன்னா என்னடா பண்ணப்போறே? பெட்ரோலை எனக்கு ஊத்துவியா? போ."

கொல்லைக்கு வந்து ஸ்விட்சைத் தொட்டுக்கொண்டு நின்றார். பிறகு அணைத்தார்.

அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் ஜன்னல் வழியாக அக்காவின் மூச்சு கேட்டது. மரத்தை அறுக்கிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது. அவர் சைலன்சருக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். அனல் அடித்தது. இன்னும் இல்லை. மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வரத் தாமதித்தது, வந்தது. மனைவி உள்ளே, "அண்ணி, என்னைப் பாருங்க. என்னையே பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் அனல் கொஞ்சம் குறைந்தது. போதாது. கேனின் மூடியைத் திறந்தார், மூடினார். டாக்ஸிக்காரர், "ஊத்திடுங்க, ஊத்திடுங்க" என்றார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கையை இன்னும் தாழ்த்தினார். சைலன்சரில் ஒரு துளித் தண்ணீரை விட்டார், அது சீறியது. இன்னொரு துளி. அது உருண்டு, நின்று, மெதுவாகக் காய்ந்தது.

புனலை வைத்து ஊற்றினார். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. மூடியைத் திருகி, துணியால் ஒற்றியெடுத்து, கயிற்றை இழுத்தார். இஞ்சின் இருமிவிட்டு நின்றது. உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. மறுபடி இழுத்தார். பிடித்தது.

"இருவத்தஞ்சு!" என்றாள் மனைவி. அவர் திரும்பிப் பார்க்காததால் மறுபடியும் கத்தினாள். "இருவத்தஞ்சுங்க! கேக்குதா?"

"அக்கா?"

மனைவி ஜன்னலை விட்டுப் போயிருந்தாள். பிறகு அவள் முகம் தெரிந்தது. கன்னம் நனைந்திருந்தது. "விரலை ஆட்டினாங்க" என்றாள். "கத்தாதேன்னு ஆட்டினாங்க."

அவர் இஞ்சின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தெருமுனையில் மரம் அறுக்கும் சத்தம் இன்னும் தொடங்கவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கேனைத் தூக்கி, காதருகே வைத்து, ஆட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு தடவை ஊற்ற இருந்தது.